கோபுரத்துக்கு உபயதாரர் உண்டு, டவுன்பைப்புக்கு இல்லையா? டர்பன் தமிழ்க் கோயில் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

தென்னாப்பிரிக்கா, டர்பன் வட்டாரத்துத் தமிழ்க் கோயில்களின் தலைவர்களுக்கும் செயலாளர்களுக்கும், கட்டடக் குழு என்ற பெயரில் சிமெண்டு மூட்டை எண்ணிக்கொண்டிருக்கும் அண்ணன்மாருக்கும், சமையற்கட்டை ஆளும் அக்காமாருக்கும் வணக்கம்.

தமிழில் எழுதினால் டர்பனில் யார் படிக்கப்போகிறார்கள் என்று என் மகள் கேட்டாள். நியாயமான கேள்விதான், அவள் தலைமுறைக்குத் தேவாரத்தையே ஆங்கில எழுத்தில் அச்சடித்துக் கொடுக்கவேண்டியிருக்கிறது. ஆனால் இங்கே இன்னும் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்களில் பாதிப்பேர் ஏதாவது ஒரு கோயில் குழுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். இந்த மடல் உங்களுக்குத்தான். மற்றவர்கள் படிக்காவிட்டால் பரவாயில்லை, நம் வீட்டு விஷயம் வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும்.

விஷயம் மழைத்தண்ணீர். உங்கள் கோயில் கூரையில் விழும் மழை கடைசியில் எங்கே போகிறது என்று எத்தனை பேர் பின்பக்கம் போய்ப் பார்த்திருக்கிறீர்கள்? நான் பார்த்துவிட்டேன். குழாய் வேலையிலும் கூரை வேலையிலும் காலம் தள்ளியவன், கோயிலுக்குப் போனாலும் கண் முதலில் மழைத்தண்ணீரைத் திரட்டுகிற கூரை ஓரத்துக் கட்டர் மேலேதான் விழும், முருகன் இதற்கெல்லாம் கோபித்துக்கொள்ளமாட்டார். பெயர் சொல்லமாட்டேன், நம் டர்பன் புறநகர் சாட்ஸ்வொர்த்தில் ஒரு கோயில், புதிதாகக் கல்யாண மண்டபம் கட்டியிருக்கிறார்கள், கட்டர் தண்ணீரைக் கீழே இறக்குகிற பின்பக்கத்து டவுன்பைப் இரண்டும் நேராகச் சமையற்கட்டுக் கழிவுநீர் விழும் தொட்டிக்குள் இறங்குகின்றன. சுற்றிச் சிமெண்டு பூசி, சுவரின் நிறத்திலேயே பெயின்ட் அடித்து, கிளிப் எல்லாம் ஒரே நேர்கோட்டில் வைத்து, பார்க்க லட்சணமான வேலை. போய்ச் சேருகிற இடம் மட்டும்தான் தப்பு.

இதில் என்ன தப்பு என்று கேட்கிறவர்களுக்காகக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், தெரிந்தவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போங்கள். நம் ஊரில் நிலத்துக்கடியில் இரண்டு வேறு குழாய்கள் போகின்றன. ஒன்று கக்கூஸ், குளியலறை, சமையற்கட்டுத் தண்ணீர் போகிற கழிவுநீர்க் குழாய். அது சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய், அங்கே பக்குவப்பட்டுத்தான் வெளியே வரும். இன்னொன்று மழைநீர்க் குழாய். தெரு ஓரத்தில் கம்பிச் சட்டமோ சிமெண்டு மூடியோ போட்டு வாய் திறந்திருக்கிறதே, நாம் கேச்பிட் என்று சொல்கிற அந்தக் குழி, அதன் அடியிலிருந்து தொடங்குகிறது. அது எந்த நிலையத்துக்கும் போகாது, எந்தச் சுத்திகரிப்பும் கிடையாது, நேரே அடுத்த ஓடைக்கு, அங்கிருந்து ஆற்றுக்கு, அங்கிருந்து கடலுக்கு. சாட்ஸ்வொர்த்தின் வடக்குச் சரிவில் இருக்கிறவர்கள் தெருவில் போடுகிற பிளாஸ்டிக் பை உம்ஹ்லதுசானா ஆற்றில் விழுந்து துறைமுகத்துக்குள்ளேயே போய் மிதக்கிறது. இரண்டு குழாயும் ஒன்றோடொன்று சேரக்கூடாது என்றுதான் இந்த ஊரை அமைத்திருக்கிறார்கள். லண்டன் மாதிரிப் பழைய ஊர்களில் பல இடங்களில் இரண்டும் ஒன்றாகவே போகும், அதற்குத் தகுந்த அகலத்தில் சுரங்கம் மாதிரிக் குழாய் போட்டிருப்பார்கள். இங்கே அப்படி இல்லை. கழிவுநீர்க் குழாயின் அளவு வீட்டுக்குள்ளிருந்து வரும் தண்ணீருக்கு மட்டும் கணக்குப் போட்டது.

இப்போது அந்தக் கணக்கைப் பாருங்கள். ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். 150 சதுர மீட்டர் கூரை உள்ள ஒரு வீட்டில் ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் கொட்டினால் 7,500 லிட்டர். ஐந்து பேர் உள்ள ஒரு குடும்பம் குளித்து, துவைத்து, சமைத்து, எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 1,000 லிட்டர் என்று தாராளமாகவே வைத்துக்கொள்ளுங்கள். அதாவது, ஒரு வாரத்துக்கும் மேலாக அந்த வீட்டிலிருந்து வரவேண்டிய தண்ணீர் ஒரே மணி நேரத்தில் அந்தக் குழாய்க்குள் இறங்குகிறது. இது ஒரு வீடு. கல்யாண மண்டபத்துக் கூரை 600 சதுர மீட்டர் என்றால் அதே மழைக்கு 30,000 லிட்டர். தெருவில் இருபது வீடு இதையே செய்தால் என்ன ஆகும் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள், எனக்குப் பெருக்கிப் பெருக்கி அலுத்துவிட்டது.

அத்தனை தண்ணீரும் சரிவில் கீழே போய், எங்கே குழாய் திணறுகிறதோ அங்கே வெளியே வருகிறது. சாட்ஸ்வொர்த்தில் சமதரை எங்கே இருக்கிறது? எல்லாம் குன்றை வெட்டிப் படிபடியாகக் கட்டிய வீடுகள். மேலே இருக்கிறவருக்கு ஒன்றும் தெரியாது, அவர் வீட்டுத் தொட்டியில் தண்ணீர் சளசளவென்று இறங்கிப் போய்விடும், நல்ல பிளம்பர் கிடைத்தான் என்று சந்தோஷப்படுவார். கீழே கடைசி வரிசையில் இருக்கிற அக்கா வீட்டு முற்றத்தில்தான் மேன்ஹோல் மூடி எழும்பும். சாதாரணமாக எழும்பாது, முதலில் ஓரத்தில் குமிழ் விடும், பிறகு மூடியே தடதடவென்று ஆட ஆரம்பிக்கும், பிறகு காகிதமும் மற்றதும் கலந்து வாசல் வரைக்கும் வரும். மழை நின்றபிறகு அந்த அக்கா கையில் ஹோஸ் பைப்பும் ஜிக் ப்ளீச் பாட்டிலுமாக முற்றத்தைக் கழுவிக்கொண்டிருப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கழுவின தண்ணீர் எங்கே போகும்? கேச்பிட்டுக்கு. அங்கிருந்து ஆற்றுக்கு. 2022 வெள்ளத்தில் கழிவுநீர் நிலையங்கள் அடிபட்டு, அதன்பின் மாதக்கணக்கில் கடற்கரையில் இறங்காதே என்று போர்டு வைத்திருந்தார்களே, அது பெரிய அளவு. இது அதன் சின்ன அளவு, ஒவ்வொரு பெருமழைக்கும் நாமே செய்வது.

சட்டம் வேண்டும் என்கிறவர்களுக்கு: மழைநீரைக் கழிவுநீர்க் குழாயில் விடுவது நகராட்சி விதிப்படி தடைசெய்யப்பட்டது. 1977ஆம் ஆண்டின் தேசியக் கட்டட ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் வந்த விதிகளில் மழைநீர் அகற்றுவதற்கென்றே ‘ஆர்’ என்று ஒரு தனிப் பகுதி இருக்கிறது. பிளான் பாஸ் பண்ணும்போது அந்தப் படத்தில் மழைநீருக்கு ஒரு கோடு போட்டுத்தான் இருப்பீர்கள். படத்தில் தெருவுக்குப் போன கோடு கட்டடத்தில் ஏன் சமையற்கட்டுப் பக்கம் திரும்பியது என்று உங்கள் ஒப்பந்தக்காரரைக் கேளுங்கள். குழாய் மிச்சம் பண்ணினார், வேறென்ன.

சரி, கழிவுநீர்க் குழாயில் விடவில்லை, பின்பக்கம் சும்மா விட்டுவிட்டோம் என்கிறவர்களும் இருக்கிறீர்கள். அது இன்னும் மோசம். மேட்டில் இருக்கிற நிலத்திலிருந்து இயற்கையாக வழிகிற தண்ணீரைக் கீழே இருக்கிறவர் ஏற்றுக்கொள்ளவேண்டும் என்று பொதுவான நியாயம் உண்டு, நாம் எல்லோரும் அதை மட்டும் நன்றாக ஞாபகம் வைத்திருக்கிறோம். ஆனால் கூரை முழுவதும் விழுந்ததை ஒரே குழாயில் திரட்டி, ஒரே இடத்தில் அடுத்தவர் சுவர்மேல் கொட்டுவதற்கு இயற்கை என்று பெயர் இல்லை. அந்த இடத்தில் மண் ஊறும். ஊறின மண் எடை கூடும், பிடிப்பு குறையும். கீழே தடுப்புச்சுவர் இருந்தால் அதன் பின்னால் தண்ணீர் தேங்கி அதைத் தள்ளும், சுவரில் தண்ணீர் வடிய ஓட்டை விட்டிருக்கவேண்டும், நம்மவர்கள் பார்வைக்கு அசிங்கமாக இருக்கிறது என்று அதையும் பூசி மூடிவிடுவார்கள்.

2019இல் ஈஸ்டர் திங்கள் இரவு என்ன நடந்தது என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. பெரிய வெள்ளிக்கு இசிபிங்கோ மாரியம்மனுக்குப் போய்வந்த பலர் அந்த வாரம் முடிவதற்குள் சாவுவீடுகளுக்குப் போகவேண்டியிருந்தது. குவாசுலு-நட்டாலில் எழுபது பேருக்கு மேல் போனார்கள், ஆற்றில் அடித்துப்போனவர்களோடு மண் சரிந்தும் சுவர் விழுந்தும் செத்தவர்கள் நிறையப் பேர். 2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் பல இடங்களில் 24 மணி நேரத்தில் 300 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தது. டர்பனுக்கு ஒரு வருஷம் முழுக்கக் கிடைக்கிற மழையே ஏறக்குறைய 1,000 மில்லிமீட்டர்தான், அதில் மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்ட ஒரே நாளில். நானூறு பேருக்கு மேல் போனார்கள். அந்த மாதிரி மழைக்கு எந்தக் கட்டரும் எந்தக் கேச்பிட்டும் தாங்காது, அதை நான் மறைக்கவில்லை. தெருவில் போட்டிருக்கிற மழைநீர்க் குழாய்களே சில வருஷங்களுக்கு ஒருமுறை வருகிற மழை அளவுக்குத்தான் போடப்படுபவை, அதற்கு மேல் வந்தால் தெருவே வாய்க்கால் ஆகவேண்டும் என்பதுதான் திட்டம். ஆனால் அந்த இரவுக்கு முன்பே பல வருஷமாக ஒரு டவுன்பைப் ஒரே மூலையை ஊறவைத்துக்கொண்டிருந்தால், எந்த மூலை முதலில் போகும்?

மழைத்தண்ணீர் பிடிக்கிற பிளாஸ்டிக் ஜோஜோ டேங்க் விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2022க்குப் பிறகு டோங்காட்டில் தண்ணீர் நிலையம் உடைந்து மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் வராமல் கிடந்ததைப் பார்த்த பிறகு, எல்லாக் கோயிலிலும் ஒன்றுக்கு இரண்டாக டேங்க் வாங்கி வைத்துவிட்டீர்கள். நல்லது, பாராட்டுகிறேன், அன்னதானத்துக்குப் பாத்திரம் கழுவவாவது உதவும். ஆனால் 5,000 லிட்டர் டேங்க் 150 சதுர மீட்டர் கூரைக்கு வெறும் 33 மில்லிமீட்டர் மழையில் நிரம்பிவிடும். ஏற்கெனவே பாதி நிறைந்திருந்தால் இன்னும் சீக்கிரம். நிரம்பின பிறகு மேலே இருக்கிற அந்தச் சின்ன ஓவர்ஃபுளோ குழாய் வழியாக எல்லாம் டேங்க் அடியிலேயே விழுகிறது. டேங்க் எங்கே வைத்திருக்கிறோம்? இடத்தை அடைக்கக்கூடாது என்று மண்சரிவின் விளிம்பில். ஐந்து டன் எடை, அதன் காலடியில் நாள் முழுக்கத் தண்ணீர். ஓவர்ஃபுளோவுக்கு ஒரு குழாய் மாட்டித் தெருப்பக்கம் கொண்டுபோக ஒரு மதிய வேளை போதும்.

கேச்பிட்டுக்கு வருகிறேன், இங்கேதான் அக்காமாரோடு எனக்குச் சண்டை. ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கஞ்சி ஊற்றுகிறோம். தெருவுக்குத் தெரு, கோயிலுக்குக் கோயில், ஞாயிற்றுக்கிழமை ஆனால் பெரிய பெரிய அண்டாவில் கஞ்சி. பூசையைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை, என் அம்மா காலத்திலிருந்து எங்கள் வீட்டிலும் உண்டு. அண்டா கழுவுகிற இடத்தைப் பற்றித்தான் பேசுகிறேன். முற்றத்தில் ஹோஸ் போட்டு, அடிப்பிடித்ததைச் சுரண்டி, வெள்ளையாகத் திரண்ட தண்ணீரை விளக்குமாற்றால் தள்ளித் தள்ளித் தெருவில் விட்டு, அது கேச்பிட்டுக்குள் இறங்குகிறவரை நின்று பார்த்துவிட்டு உள்ளே வருகிறோம். ஆடி இங்கே குளிர்காலம், மழை குறைவு. அடித்துக்கொண்டுபோகப் போதிய தண்ணீர் இல்லாமல் அந்தக் கஞ்சி குழாயின் அடியில் தங்கி, மணலோடு சேர்ந்து காய்ந்து கட்டியாகிறது. அதன்மேல் சாமந்திப்பூ, வாழை மட்டை, தேங்காய் நார், கற்பூரம் ஏற்றின அலுமினியத் தட்டு, டேக்அவே டப்பா. எலிக்குக் கொண்டாட்டம். அக்டோபரில் முதல் பெருமழை வரும்போது குழாயில் பாதி இடம்கூட இருக்காது, அப்புறம் தெருவில் முழங்கால் தண்ணீர் என்று போன் எடுத்துப் படம் பிடிக்கிறோம்.

கஞ்சியை வழித்துக் குப்பையிலோ எருக்குழியிலோ போடுங்கள், அப்புறம் அண்டாவைச் சமையற்கட்டுப் பக்கம் கழிவுநீர்த் தொட்டியில் கழுவுங்கள். அந்தத் தொட்டி அதற்குத்தான் இருக்கிறது. நம் கோயிலில் எல்லாம் தலைகீழ், மழைத்தண்ணீர் கழிவுநீர்க் குழாயில், கஞ்சித்தண்ணீர் மழைநீர்க் குழாயில்.

வீட்டுக்காரர்களுக்கும் ஒன்று, குழுவில் இருக்கிறவர்களுக்கும் வீடு உண்டு என்பதால் சொல்கிறேன். கார் ஏறுவதற்குத் தெரு ஓரத்து வாய்க்காலில் சிமெண்டு கொட்டிச் சரிவு போட்டிருக்கிறீர்களே, அந்த வாய்க்கால் தண்ணீர் ஓட விட்ட இடம். தெரு நடுவில் மேடாக, இரண்டு ஓரத்திலும் தாழ்வாகப் போட்டிருப்பது தண்ணீர் ஓரமாக ஓடிக் கேச்பிட்டைச் சேரத்தான். நீங்கள் போட்ட சரிவில் இடித்து அது நடுத்தெருவுக்குத் திரும்பி, எதிர்வீட்டு வாசலுக்குள் இறங்குகிறது. அந்த வீட்டுக்காரர் அடுத்த வாரம் வாசலில் ஒரு சுவர் எழுப்புவார், தண்ணீர் மூன்றாவது வீட்டுக்குப் போகும். கீழ் வரிசை வீடுகளின் பின்பக்கமாக நகராட்சிக் குழாய் போகிற இடத்தின்மேல் வாடகைக்கு ரூம் கட்டினவர்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இந்த மடல் முடியாது.

இப்போது கட்டர். இது எனக்குப் பிடித்த விஷயம், கொஞ்சம் இழுப்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் கோயில்களில் வேப்பிலைக்குப் பதிலாகச் சிரிங்கா மரம் வளர்ப்பது பழைய வழக்கம். குளிர்காலத்தில் அது இலை முழுவதையும் உதிர்த்துவிட்டு, மஞ்சள் மஞ்சளாகக் காய்களை மட்டும் தொங்கவிட்டுக்கொண்டு நிற்கும். அந்த இலை பொடிப்பொடியாகக் கட்டருக்குள் படுத்துக்கொள்ளும், காய் உருண்டு உருண்டு டவுன்பைப் வாயில் போய்ச் சரியாக உட்காரும், அளவெடுத்துச் செய்தாற்போல. முதல் மழையில் தூசியும் பறவை எச்சமும் சேர்ந்து அது கரிய களியாகிவிடும். கட்டர் நிரம்பித் தண்ணீர் முன்பக்கம் வழிந்தால் பரவாயில்லை, உங்கள் தலையில் விழும், தெரிந்துவிடும். பின்பக்கம் வழிந்தால்தான் ஆபத்து. கூரை ஓரத்துப் பலகைக்குப் பின்னால் போய், சுவருக்குள் இறங்கி, உள்ளே சீலிங்கில் பழுப்பு வட்டம் போடும். மூலஸ்தானத்தில் சுவர் ஊறிப் பெயின்ட் உரிகிறது, டைல் ஒட்டலாமா என்று என்னைக் கேட்ட ஒரு குழு, டைலும் ஒட்டிவிட்டது. மேலே ஏறிப் பார்க்க மட்டும் ஆள் இல்லை.

ஆகவே ஆடிக் கஞ்சி முடிந்ததும் ஏணி எடுங்கள், புரட்டாசி விரதம் தொடங்குவதற்குள் முடித்துவிடுங்கள். மழைக்காலம் பெரும்பாலும் அந்தச் சமயத்தில்தான் தலைகாட்டும். தைப்பூசக் காவடிக்கு முன் இன்னொரு தடவை, ஏனென்றால் அது மழைக்காலத்தின் நடுவில் வருகிறது. கையுறை போட்டு, சின்னக் கரண்டியால் அள்ளி வாளியில் போடவேண்டும், டவுன்பைப்புக்குள் தள்ளிவிடக்கூடாது. முடித்தபிறகு ஒரு வாளித் தண்ணீரைத் தூரத்து முனையில் ஊற்றிப் பாருங்கள். கடைசிச் சொட்டு வரை ஓடிவிட்டால் சரி. நடுவில் குளம் மாதிரி நின்றால் அங்கே கிளிப் தளர்ந்து கட்டர் தொய்ந்திருக்கிறது. பத்து மீட்டர் கட்டருக்கு ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு மூன்று நான்கு சென்டிமீட்டர் இறக்கம் கொடுத்தால் போதும், கீழேயிருந்து பார்த்தால் கண்ணுக்கே தெரியாது. அழகுக்காக மட்டம் வைத்துக் கட்டினால் தண்ணீருக்கு எந்தப் பக்கம் போவதென்று தெரியாது.

ஒரு எச்சரிக்கை, இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கத்துப் பழைய கூரைகளிலும் கட்டர்களிலும் ஆஸ்பெஸ்டாஸ் நிறைய உண்டு. 2008லேயே இந்த நாட்டில் தடை செய்துவிட்டார்கள், ஆனால் ஏற்கெனவே மேலே இருப்பது இறங்கி வந்துவிடவில்லை. அதை உலர்ந்த பிரஷ் போட்டுத் தேய்க்காதீர்கள், வாடகைக்குக் கிடைக்கிறதே ஹைபிரஷர் மெஷின், அதைக் கொண்டு அடிக்கவே அடிக்காதீர்கள், நார்த்தூள் கிளம்பி மூச்சில் போகும். குப்பையை நன்றாக நனைத்துக் கையால் அள்ளுங்கள், முகக்கவசம் போடுங்கள், உடைந்திருந்தால் அதற்கென்று அனுமதி உள்ளவர்களைக் கூப்பிடுங்கள். இளைஞர் அணிப் பையன்களைச் சேவை என்று சொல்லி மேலே ஏற்றிவிடவேண்டாம்.

டவுன்பைப் அளவுக்கு எங்கள் தொழிலில் ஒரு சுலபமான கணக்கு உண்டு. ஒரு சதுர மீட்டர் கூரைக்கு 100 சதுர மில்லிமீட்டர் குழாய் வாய். 80 மில்லிமீட்டர் வட்டக் குழாய் என்றால் ஏறக்குறைய 50 சதுர மீட்டர் கூரையைத் தாங்கும். 600 சதுர மீட்டர் மண்டபத்துக்கு அந்த மாதிரிக் குழாய் பன்னிரண்டு வேண்டும். நான் மேலே சொன்ன மண்டபத்தைச் சுற்றி எண்ணினேன், நான்கு. மீதித் தண்ணீர் என்ன, வரிசையில் நின்று காத்திருக்குமா? கடல் பக்கம் உள்ள கோயில்கள் தகரக் கட்டர் போடாதீர்கள், உப்புக்காற்றில் துருப்பிடித்துச் சல்லடையாகிவிடும், அலுமினியமோ பிளாஸ்டிக்கோ போடுங்கள். இரட்டை வீடுகளில் ஒரே கட்டர் இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஓடுகிறதே, அதை யார் சுத்தம் செய்வது என்று இரண்டு தலைமுறையாகப் பேச்சில்லாமல் இருக்கிற குடும்பங்களை எனக்குத் தெரியும், அதைத் தீர்க்க என்னால் ஆகாது, ஐயரைக் கேளுங்கள்.

கோயில்களுக்கு ஏன் எழுதுகிறாய், நகராட்சிக்கு எழுது என்பீர்கள். எழுதியாயிற்று. கேச்பிட்டைத் தோண்டி மண் எடுப்பது, தெருக் குழாயைப் பார்ப்பது, உடைந்த மூடியை மாற்றுவது எல்லாம் அவர்கள் வேலை, அதற்குத்தான் வரி கட்டுகிறோம், அவர்கள் வருவதில் உள்ள தாமதத்துக்கு நான் வக்காலத்து வாங்கப்போவதில்லை. புகார் கொடுத்தால் குறிப்பு எண் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், கவுன்சிலர் காவடிக்கு மாலை வாங்கிக்கொள்ள வரும்போது அந்த எண்களை ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுங்கள். ஆனால் உங்கள் கூரையும் உங்கள் முற்றமும் நகராட்சியுடையது அல்ல. யூனிட்டிலேயே, அதாவது நம் குடியிருப்புப் பகுதியிலேயே, பெரிய கூரை கோயிலுடையது. புல்தரையாக இருந்த இடத்தையெல்லாம் கார் நிறுத்த பேவிங் போட்டு மூடியதும் கோயில்தான், முன்பு மண் குடித்த தண்ணீர் இப்போது முழுவதும் கீழே ஓடுகிறது. கோயில் செய்வதைப் பார்த்துத்தான் தெருவும் செய்யும்.

அதோடு நம் கோயில்களுக்கு வெள்ளம் புதிதா? 1875ஆம் ஆண்டில் உம்பிலோ ஆற்றங்கரையில் நம் ஆட்கள் கட்டிய கோயிலை 1905 வெள்ளம் அடித்துப்போயிற்று, இப்போது கேட்டோ மேனரில் இருக்கிற அம்பலவாணர் ஆலயம் அதன் தொடர்ச்சிதான், ஆற்றைவிட்டுத் தள்ளி 1947இல் எழுந்தது. 1917 அக்டோபரில் உம்கேனி ஆற்றின் கரை உடைந்தபோது மாரிமுத்து படவத்தானும் கூட இருந்த ஐந்து பேரும், மீன்பிடிக்கிறவர்கள், ஒரு படகை வைத்துக்கொண்டு நூற்றுக்கும் மேற்பட்டவர்களை இழுத்துக் கரைசேர்த்தார்கள். 1976இல் ஸ்பிரிங்ஃபீல்டில் தகர வீடுகளில் இருந்தவர்களை ஆறு விரட்ட, அவர்களைக் கொண்டுபோய்க் குடியேற்றியதில்தான் ஃபீனிக்ஸ் தொடங்கியது. ஆற்றோரத்தில் கிடந்தோம், வேறு இடம் தரவில்லை, தண்ணீர் வந்தது. அது அன்றைய அரசாங்கம் செய்தது. இன்று மேட்டில் இருந்துகொண்டு கீழே இருக்கிறவர் வீட்டுக்குள் தண்ணீரை அனுப்புவது நாமாக இருந்தால் அதை யார் தலையில் போடுவது?

பணம் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். கோபுரக் கலசத்துக்கு உபயதாரர் கிடைக்கிறார். மயில் சிலைக்குக் கிடைக்கிறார். கழிவறைக் கதவுக்குக்கூட ஒரு குடும்பத்தின் பெயரைப் பொறித்து வைத்திருக்கிறீர்கள். டவுன்பைப் மேல் பெயர் போட்டுக்கொள்ள யாராவது முன்வந்தால் நானே எழுதித் தருகிறேன், நல்ல கையெழுத்து எனக்கு.

கேட்பது இவ்வளவுதான். அடுத்த பொதுக்கூட்டத்தில், தேர்தல் சண்டை தொடங்குவதற்கு முன்னால், நிகழ்ச்சிநிரலில் மழைத்தண்ணீர் என்று ஒரு வரி சேருங்கள். ஒவ்வொரு டவுன்பைப்பும் எங்கே முடிகிறது என்று ஒரு பையனை வைத்துப் படம் வரையச் சொல்லுங்கள், சந்தேகம் இருந்தால் மேலே ஒரு வாளியில் மஞ்சள் கரைத்து ஊற்றிவிட்டு எங்கே மஞ்சளாக வருகிறது என்று பாருங்கள், கோயிலில் மஞ்சளுக்கா பஞ்சம். கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்குகிறவற்றை வெட்டித் தெருப்பக்கம் திருப்புங்கள். முற்றத்தில் வேலி ஓரமாக ஒரு பட்டை அளவுக்காவது பேவிங்கைப் பெயர்த்துப் புல் போடுங்கள், அதைச் சரிவின் விளிம்பில் செய்யவேண்டாம், உள்பக்கமாகச் செய்யுங்கள்.

வேலைக்குக் கூலி கேட்கமாட்டேன், குழாயும் கிளிப்பும் நீங்கள் வாங்கவேண்டும். ஏணி என்னுடையது. அடியில் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும், கட்டடக் குழுத் தலைவராக இருந்தால் நல்லது, வழிகிறது எங்கே விழுகிறது என்று அவரே தெரிந்துகொள்வார்.

இப்படிக்கு,
சாட்ஸ்வொர்த்தில் கீழ் வரிசையில் வீடுள்ள ஒரு பழைய பிளம்பர்